பெங்களூரில் சின்னத் தொட்டிக்கு சிக்லிட்: மீனைக் கடைசியாக வாங்குங்கள்

வேலைக்காகப் பெங்களூர் வந்து, வாடகை வீட்டு ஹாலில் இரண்டடித் தொட்டி வைத்து, கப்பியும் மாலியும் அலுத்துப்போய், கொஞ்சம் குணமுள்ள மீன் வேண்டும் என்று சிக்லிட் பக்கம் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்காரர் ஒன்று சொல்வார், வாட்ஸாப் குழுவில் வேறொன்று சொல்வார்கள், மாடி வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். இந்த மூன்றுக்கும் நடுவே முட்டி மோதித்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். நீங்களும் அதே சுற்று சுற்ற வேண்டியதில்லை.

விஷயம் இவ்வளவுதான்: சின்னத் தொட்டியில் ஒரே ஒரு வகை சிக்லிட்டுக்குத்தான் இடம். அது எந்த வகை என்பதை உங்கள் குழாய்த் தண்ணீர் முடிவு செய்யும். மற்ற மீன்களையெல்லாம் அந்த ஒரு ஜோடிக்கு ஒத்துவருமா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மீனை வாங்கிவிட்டு அப்புறம் தண்ணீரை மாற்றப் பார்க்கிறார்கள்.

சிக்லிட் என்றால் ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் ஏரியில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையும் அந்தக் குடும்பம்தான். ஆண் ஜிலேபி ஏரிக்கரையோரம் குழி பறித்து, கிட்டே வருகிற எல்லாவற்றையும் விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குணத்தை ஐம்பது லிட்டர் தண்ணீருக்குள் கொண்டுவரப் போகிறீர்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. வீட்டுக்கு வரும் தண்ணீர் எது?

பெங்களூரில் இந்தக் கேள்விக்குக் காவேரி, போர், டேங்கர் என்று மூன்று பதில் உண்டு. நான்காவது பதில்தான் அதிகம் வரும்: "மூணும் சம்ப்ல ஒண்ணா விழுது சார்." முதல் வேலையாக 200 முதல் 400 ரூபாய்க்குள் ஒரு டி.டி.எஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்டும் கருவி) வாங்குங்கள். ஒரு நாள் அளந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். டேங்கர் வந்த நாள், காவேரி விட்ட நாள் என்று ஒரு வாரம் அளந்து குறித்து வையுங்கள். பல வீடுகளில் இந்த எண் நாளுக்கு நாள் தாவும்.

கால்சியமும் மெக்னீசியமும் குறைவாக இருந்தால் மென்மையான தண்ணீர், அதிகமாக இருந்தால் கடினமான தண்ணீர். காவேரித் தண்ணீர் பெரும்பாலும் மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் இருக்கும். மீட்டர் 300க்குக் கீழே காட்டினால் தென்னமெரிக்கக் குட்டி சிக்லிட்களுக்கு வாய்ப்பு உண்டு. இதில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். இல்லையென்றால் பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வையுங்கள். போர் தண்ணீர் 500, 800 என்று போகும். குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டும், சோப்பு நுரைக்காது. அது ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கான தண்ணீர்.

இந்த இடத்தில்தான் அடுக்குமாடிக்காரர்கள் ஏமாறுகிறார்கள். நிறைய அபார்ட்மென்ட்களில் போர் தண்ணீரை சாஃப்ட்னர் வழியாக அனுப்புகிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைப் போடுகிறது. உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. அதனால் மீட்டர் 700 காட்டும், ஆனால் கையில் சோப்பு போட்டால் நுரை பொங்கும், பக்கெட்டில் வெள்ளைப் படிவும் இருக்காது. இந்த மூன்றும் ஒன்றாக நடந்தால் உங்கள் வீட்டுக்கு வருவது சாஃப்ட்னர் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளலாம். மீட்டரை நம்பி ஆப்பிரிக்க மீன் வாங்கினால் அதற்கு வேண்டிய கால்சியம் அதில் இல்லை. மென்மையான தண்ணீர் என்று நம்பி ராம் என்ற தென்னமெரிக்கக் குட்டி சிக்லிட்டை வாங்கினால் அதற்குத் தாங்காத உப்பு இருக்கிறது. சாஃப்ட்னர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல கட்டடங்களில் சமையலறைக் குழாய்க்கு மட்டும் தனியாகக் காவேரி லைன் வரும். தொட்டிக்கு அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

சந்தேகம் தீர, தண்ணீரின் கடினத்தன்மையை மட்டும் அளக்கும் ஜி.ஹெச் டெஸ்ட் கிட் ஒன்று போதும். சின்னக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் சொட்டில் ஆரஞ்சு நிறம் வரும். அது பச்சையாக மாறும்வரை எத்தனை சொட்டு போனதோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் கடினத்தன்மை. மூன்று நான்கு சொட்டில் நிறம் மாறினால் மென்மை. இருபது சொட்டு விட்டும் ஆரஞ்சாகவே நின்றால் பாறைக்கடியிலிருந்து வரும் கலப்பில்லாத போர் தண்ணீர்தான்.

கடையில் பி.ஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) குறைக்கும் மருந்து என்று ஒரு பாட்டில் தருவார்கள். வேண்டாம். போர் தண்ணீரில் உள்ள கார்பனேட் அந்த மருந்தைத் தின்றுவிட்டு மறுநாள் காலையில் பி.ஹெச்சைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். நீங்கள் திரும்ப ஊற்றுவீர்கள், மீன் நடுவில் மாட்டிக்கொள்ளும். தண்ணீரை மென்மையாக்க ஒரே நேர்மையான வழி ஆர்.ஓ தண்ணீரைக் கலப்பது. 800 காட்டும் போர் தண்ணீரும் 40 காட்டும் ஆர்.ஓ தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 420 வரும். ஆனால் ஒவ்வொரு வாரமும் இதே கணக்கில் கலந்து ஊற்ற வேண்டும். கோடையில் குடிக்கவே தண்ணீர் பார்த்துப் பார்த்துப் பிடிக்கிற ஊரில் இது எத்தனை நாள் நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், வரும் தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

2. தொட்டியின் நீளமும் ஹீட்டரும்

சிக்லிட் தரையை அளந்து எல்லை போடும் மீன். அதனால் உயரத்தைவிட நீளமும் அகலமும்தான் கணக்கு. இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் நிஜத்தில் 45 லிட்டர்தான். கீழே நான் சின்னத் தொட்டி என்று சொல்வது இதிலிருந்து மூன்றடித் தொட்டி வரை. ஒன்றரை அடித் தொட்டிக்கு சிக்லிட் வேண்டாம். ஃபைட்டர் ஒன்றை ராஜாவாக வைத்திருங்கள்.

ஆர்டர் கொடுத்துச் செய்வதானால் உயரத்துக்குக் கொடுக்கும் காசை அகலத்துக்குக் கொடுங்கள். இரண்டடிக்கு 5 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம் என்றால் 8 கேளுங்கள். நிரப்பிய இரண்டடித் தொட்டி கல், மணலோடு 70 கிலோவைத் தாண்டும். டி.வி யூனிட் மேல் வைத்தால் பிளைவுட் பலகை நடுவில் தொங்கி, கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும். இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் தெர்மோகோல் ஷீட், அதற்கு மேல் தொட்டி. வீட்டுக்குள் வைப்பதற்கு முன் பால்கனியிலோ குளியலறையிலோ ஒரு முழு நாள் நிரப்பி வைத்து ஒழுகுகிறதா பாருங்கள்.

ஹீட்டர் கட்டாயம். சென்னையில் வளர்த்துப் பழகியவர்கள் இதைத்தான் கேட்க மறுக்கிறார்கள். அங்கே ஹீட்டர் இல்லாமலேயே பல வருடம் ஓட்டியிருப்பீர்கள். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பகலில் 27க்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மீன் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி நோய் வருகிறது. லிட்டருக்கு ஒரு வாட் என்று வையுங்கள்: இரண்டடிக்கு 50 முதல் 75 வாட். தனியாக ஒரு தெர்மாமீட்டரும் ஒட்டுங்கள். ஹீட்டரில் போட்டிருக்கும் எண்ணும் தண்ணீரின் நிஜ வெப்பமும் இரண்டு டிகிரி தள்ளி நிற்பது சகஜம். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டிக்குள் கை வைக்க வேண்டும்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்சும் ஏர் பம்பும் போதும். கரண்ட் போனால் ஓட பேட்டரி பம்ப் ஒன்று இருக்கட்டும்.

3. கடையில் கண்ணில் பட்டாலும் வாங்கக் கூடாதவை

சிவாஜிநகர் பக்கம் போனால் தமிழிலேயே பேசி வியாபாரம் செய்யலாம். ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் உரையாடல் இப்படித்தான் போகும்:

"அண்ணா, இது பெருசா வளருமா?"

"தொட்டி சைஸுக்குத்தான் வளரும் சார். ஒண்ணும் ஆகாது."

தொட்டி சைஸுக்கு வளர்வது என்று ஒன்று கிடையாது. சின்ன இடத்தில் அழுக்குத் தண்ணீரில் மீன் குன்றிப்போகும், சீக்கிரம் சாகும். அவ்வளவுதான். இரண்டு அங்குலக் குட்டியாக, நாய்க்குட்டி மாதிரி முகம் பார்க்கும் ஆஸ்கர் ஒரு வருடத்திலேயே ஒரு ஜாணைத் தாண்டிவிடும், முழு வளர்ச்சியில் ஓரடி. அதற்கு 300 லிட்டர் வேண்டும். ஃப்ளவர்ஹார்ன் வாஸ்துவுக்கு நல்லது என்று மாமனார் வாங்கி வருவார். அதுவும் ஓரடிக்கு வளரும், தனியாகத்தான் இருக்கும், கண்ணாடிக்கு வெளியே உங்கள் விரலைக்கூடக் கடிக்க வரும். பிளட் பாரட் கலப்பின மீன், வாயைச் சரியாக மூட முடியாது, எட்டு அங்குலம் போகும். அதையே ஊதா, பச்சை என்று சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது "ஆப்பிரிக்கன் மிக்ஸ்" என்று ஒரு கவரில் கட்டித் தரும் மலாவி ஏரிக் குட்டிகள். மஞ்சள், நீலம், வரிவரி என்று பார்க்க அழகு. அதில் ஆரட்டஸ் என்று மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒன்று கட்டாயம் இருக்கும். ஆண் வளர்ந்ததும் நிறம் மாறிக் கறுப்பாகி, தொட்டியில் மற்ற எவரையும் வாழவிடாது. மலாவிப் பாறை மீன்களை நான்கடித் தொட்டியில் கூட்டமாக, அடி பரவலாக விழுகிற மாதிரி வளர்ப்பார்கள். இரண்டடியில் அந்தக் கணக்கே ஓடாது.

கான்விக்ட் சிக்லிட் ஜோடியை யாராவது இனாமாகக் கொடுப்பார்கள். இனாமாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு: வாராவாரம் குஞ்சு, வாராவாரம் சண்டை. டிஸ்கஸ் 28 டிகிரிக்கு மேல், மென்மையான தண்ணீர், கூட்டமாக, பெரிய தொட்டியில் வாழ்வது. ஏஞ்சலும் சிக்லிட்தான் என்பது பலருக்குத் தெரியாது. துடுப்போடு சேர்த்து உயரமாக வளரும் மீன் அது. ஒன்றரை அடி உயரமுள்ள மூன்றடித் தொட்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள். வளர்ந்த ஏஞ்சல் நியான் டெட்ராவை ஒரே வாயில் விழுங்கும்.

4. உங்கள் தண்ணீருக்கு எந்த ஜோடி?

கடினமான போர் தண்ணீர், இரண்டடித் தொட்டி: சங்கு மீன்கள். டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த மல்ட்டிஃபேசியாட்டஸ், சுருக்கமாக மல்ட்டி என்பார்கள். ஆண் ஒன்றே முக்கால் அங்குலம், பெண் அதைவிடச் சிறிது. சிக்லிட் குடும்பத்திலேயே மிகச் சின்னவற்றில் ஒன்று. காலி நத்தைக் கூட்டுக்குள் குடும்பம் நடத்தும். பெங்களூர் போர் தண்ணீரைப் பிடிக்காத மீன்தான் அதிகம். இது அதைக் கொண்டாடும். ஆண், பெண் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், அதனால் ஆறு குட்டிகளாக வாங்குங்கள். இரண்டு அங்குலத்துக்கு நுண்மணல் போடுங்கள், மீனுக்கு மூன்று கூடு என்று வையுங்கள். வயல், குளத்து நத்தைக் கூடே போதும். கொதிக்கவைத்துக் கழுவினால் சரி. அப்புறம் உட்கார்ந்து பாருங்கள். நகம் அளவு மீன் வாயில் மணலை அள்ளி அள்ளி எடுத்துப் போய்த் துப்பும், ஒரே இரவில் தன் கூட்டை வாய் மட்டும் வெளியே தெரிய மணலில் புதைக்கும், எதிர்வீட்டுக்காரன் தள்ளிய மணலைத் திருப்பித் தள்ளும். என் பார்வையில் இரண்டடித் தொட்டிக்கு இதற்கு மிஞ்சிய சிக்லிட் இல்லை. விலை கொஞ்சம் கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

காவேரித் தண்ணீர், இரண்டடி: காக்கட்டூ அபிஸ்டோ ஜோடி. தென்னமெரிக்கக் குட்டி சிக்லிட். ஆண் மூன்று அங்குலம், முதுகுத் துடுப்பின் முன்கதிர்கள் கொண்டையாக நிற்கும், வாலில் ஆரஞ்சுப் புள்ளி. பெண் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. முட்டை வைத்தால் எலுமிச்சை மஞ்சளாக மாறி ஆணையே விரட்டும். அபிஸ்டோ வகைகளில் தண்ணீர் விஷயத்தில் அதிகம் முரண்டு பிடிக்காதது இதுதான். பாதித் தேங்காய்ச் சிரட்டையில் ஓர் ஓரம் உடைத்துக் கவிழ்த்தால் குகை ரெடி. இரண்டு ஆண்கள் வேண்டவே வேண்டாம்.

ஜெர்மன் ப்ளூ ராம் எல்லாருக்கும் பிடிக்கும், எல்லாக் கடையிலும் இருக்கும். 28 டிகிரி, மென்மையான தண்ணீர், நன்றாகப் பழுத்த தொட்டி (எப்படிப் பழுக்கவைப்பது என்று 8ஆம் பகுதியில் சொல்கிறேன்) மூன்றும் இருந்தால்தான் நிலைக்கும். நிறம் ஏற ஹார்மோன் கொடுத்து வளர்த்த ராம்கள் சந்தையில் சுற்றுகின்றன. குட்டி அளவிலேயே கல்யாணப் பட்டு மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள். முதல் சிக்லிட்டாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ராம் குணம் வேண்டும் என்றால் பொலிவியன் ராம் கேளுங்கள். நிறம் அடக்கம், உடம்பு உறுதி. மூன்று அங்குலம் வளரும், இரண்டரை அடித் தொட்டி இருந்தால் நல்லது.

இரண்டும் கலந்த நடுத்தரத் தண்ணீர், இரண்டரை அடி: க்ரிபென்சிஸ் ஜோடி. மேற்கு ஆப்பிரிக்க நதி மீன். ஆண் நான்கு அங்குலம் வரை, பெண் குட்டையாக, வயிறு செர்ரிச் சிவப்பு. விலை குறைவு, தண்ணீருக்கு முகம் சுளிக்காது. முட்டை வைத்துவிட்டால் மட்டும் பாதித் தொட்டி அதற்குப் பட்டா.

மூன்றடி இருக்கிறது, போர் தண்ணீர்தான் வருகிறது, நம் ஊர் மீனே வேண்டும் என்கிறவர்களுக்குச் செல்லக்காசு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சிக்லிட், மூன்று அங்குலம், ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும். ஐந்தாறாக வைத்தால்தான் இயல்பாக இருக்கும். கொஞ்சம் உப்பான தண்ணீரையும் தாங்கும். நம் கடைகளில் இதை அடிமாட்டு விலைக்கு வைத்திருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

5. கூட்டாளி மீன்கள்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்த மட்டத்தில் நீந்தும்? சிக்லிட் கீழே இருக்கிறது. கூட்டாளி மேலே அல்லது நடுவில் இருக்க வேண்டும். மேலே ஒரு கூட்டம் பயமில்லாமல் உலவினால்தான் குட்டி சிக்லிட் குகையை விட்டு வெளியே வரும். கூட்டமே இல்லாவிட்டால் ஆண் தன் முழுக் கோபத்தையும் பெண் மேல் காட்டும்.

அபிஸ்டோவுக்கு எம்பர் டெட்ராவோ பென்சில் மீனோ எட்டு. ராமுக்கு கார்டினல் டெட்ரா. 28 டிகிரியை அது தாங்கும், நியான் அவ்வளவு தாங்காது. பொலிவியன் ராமுக்கு ரம்மிநோஸ் டெட்ரா பத்து. க்ரிபென்சிஸுக்கு ஹார்லிகுயின் ரஸ்போரா. மல்ட்டிக்கு இரண்டடியில் யாரும் வேண்டாம், அதுவே ஊராகப் பெருகும்.

தரையில் மேயும் குட்டிக் கெளுத்தியான கோரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் "கிளீனிங் மீன்" என்று கட்டாயம் தலையில் கட்டுவார்கள். கோரி சாது. ஆனால் எல்லை என்பது அதற்குப் புரியாது. அடி வாங்கினாலும் திரும்பத் திரும்பக் குகை வாசலுக்கே போய் மோப்பம் பிடிக்கும், இரவில் முட்டையைத் தின்னும். பெற்றோர் சிக்லிட் அதன் கண்ணைக் குறி வைத்துக் கொத்தும். இரண்டடியில் சிக்லிட் ஜோடியோடு கோரி வேண்டாம். மூன்றடியில், ஒரு மூலையில் குகை, மறுமூலையில் வெறும் மணல் என்று பிரித்து, ஸ்டெர்பாய் கோரி ஆறு விடலாம். சூட்டைத் தாங்கும் கோரி அதுதான்.

சக்கர் மீன் என்று விற்பது சாதாரண பிளெக்கோ. ஓரடியைத் தாண்டி வளரும், தின்பதைவிட அதிகம் கழியும். பாசிக்கு பிரிசில்நோஸ் கேளுங்கள், ஐந்து அங்குலத்தில் நின்றுவிடும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். ரெட் டெயில் ஷார்க் கீழ்மட்டத்துக்கே உரிமை கோரும். கோல்டு ஃபிஷ் குளிர் தண்ணீர் மீன். செர்ரி இறால் சிக்லிட்டுக்கு மாலை டிபன்.

6. ஓனர், அக்ரிமென்ட், பில்

மீன் வளர்க்க உங்களுக்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ஆனால் வாடகை அக்ரிமென்ட்டில் செல்லப் பிராணி கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மீனை யாரும் பிராணியாக நினைப்பதில்லைதான்; ஆனால் தரையில் தண்ணீர் இறங்கி மர லேமினேட் உப்பினால் ஓனருக்கு அந்த வரி ஞாபகம் வரும். பெங்களூரில் மாதக்கணக்கில் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கிறோம். தொட்டி வைப்பதற்கு முன் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து, "இங்கே மீன் தொட்டி வைக்கிறேன் சார்" என்று வாட்ஸாப்பில் அனுப்பி, அவர் சரி என்று போட்ட பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தொட்டிக்குப் பில் கேளுங்கள். அளவும் கண்ணாடித் தடிமனும் அதில் எழுதியிருக்க வேண்டும், ஒழுகினால் எத்தனை மாதத்துக்குள் மாற்றித் தருவார்கள் என்பதும். ஹீட்டருக்கு வாரன்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். ஹீட்டர்தான் முதலில் போகும் சாமான். மீனுக்கு யாரும் கேரன்டி தர மாட்டார்கள். "வளர்ந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்வீர்களா" என்று மட்டும் வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

7. செலவு

கடைக்குக் கடை மாறும், பேரம் உண்டு. இருந்தாலும் இரண்டடித் தொட்டிக்கு உத்தேசமாக: மூடியோடு தொட்டி 1,500 முதல் 2,000. இரும்பு ஸ்டாண்ட் 1,500 முதல் 2,500. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பம்பும் 500 முதல் 900. ஹீட்டர் 600 முதல் 1,200. விளக்கு 500 முதல் 1,000. மணல், தெர்மாமீட்டர், ஆன்டி குளோரின் எல்லாம் சேர்த்து 600. டெஸ்ட் கிட்தான் கடிக்கும்: தனித்தனியாக அம்மோனியா, நைட்ரைட், ஜி.ஹெச் வாங்கினால் ஆயிரத்தில் முடியலாம், பெரிய பெட்டியாக வாங்கினால் 3,500 வரை. இரண்டு பேர் பங்கு போட்டு வாங்குங்கள், ஒரு கிட் ரொம்ப நாள் வரும். மீனுக்கு 1,000 முதல் 3,000. ஆக 8,000 ரூபாய்க்குக் கீழே கணக்குப் போடாதீர்கள்.

கரண்ட் பில்: 75 வாட் ஹீட்டர் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் ஜீரோ பில் வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில் வரும்.

8. காலக்கணக்கு

தொட்டி வைத்த நாளிலிருந்து சிக்லிட் வரும் நாள் வரை இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் மீனே இல்லாமல் ஓட வேண்டும். தினமும் கொஞ்சம் மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேறும், அது நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறினால் தொட்டி பழுத்துவிட்டது. ஹீட்டரை இப்போதே போடுங்கள், குளிரில் பாக்டீரியா மந்தமாகும். தெரிந்தவர் தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் பாதி நாள் மிச்சம். போர் தண்ணீர்க்காரர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது, பி.ஹெச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா அதிக விஷமாகும்.

அடுத்து டெட்ரா கூட்டம். இரண்டு வாரம் அவை நன்றாகத் தின்று உலவட்டும். சிக்லிட் கடைசியில்தான் வர வேண்டும். அது முதலில் வந்தால் தொட்டி முழுக்கத் தன் வீடு என்று முடிவு செய்துவிடும், அதற்கப்புறம் வருகிறவன் எல்லாம் திருடன்.

9. வாங்கும் நாள்

கடையில் சரக்கு எந்த நாள் இறங்குகிறது என்று கேளுங்கள். அன்றைக்கு வாங்காதீர்கள். ஒரு வாரம் கடைத் தொட்டியில் தாக்குப்பிடித்த மீனை வாங்குங்கள். "கொஞ்சம் தீனி போடுங்கண்ணா" என்று சொல்லி, தின்கிறதா பாருங்கள். வயிறு ஒட்டி, வெள்ளையாக நூல் மாதிரி கழிவு தொங்கினால் அந்தத் தொட்டியிலிருந்தே எதையும் எடுக்க வேண்டாம்.

சென்னை போகிறவர்கள் கொளத்தூரில் வாங்கி வருவதுண்டு. வகையும் அதிகம், விலையும் குறைவு. ஆக்சிஜன் அடைத்துக் கட்டச் சொல்லுங்கள், முதல் நாள் தீனி போடாத மீனாகக் கேளுங்கள், தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். இரவு ஏசி பஸ் குளிர்தான் எதிரி. பகல் ரயில் நல்லது. இரண்டு ஊர்த் தண்ணீரும் வேறு. கவரைத் தொட்டியில் அரைமணி மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், மீனைக் கவர்த் தண்ணீரோடு பக்கெட்டில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் இறக்குங்கள். அப்புறம் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் கழிவறைக்கு.

விடும்போது விளக்கை அணைத்து, கற்களை இடம் மாற்றி வைத்துவிட்டால் பழைய மீன்களுக்கும் எல்லை குழம்பி, புதிதாக வருவதன் மேல் பாய்ச்சல் குறையும்.

10. சண்டை, குஞ்சு, வீடு மாற்றம்

முதல் வாரம் விரட்டல் இருக்கும். விரட்டுவது வேறு, மூலையில் தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டித் துடுப்பை மடக்கி ஒதுங்கிக் கிடப்பது வேறு. இரண்டாவதைப் பார்த்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஜோடி சேரும் என்று காத்திருந்தால் காலையில் பெண் இருக்காது. துளை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

குஞ்சு வந்தால் நண்பர்களுக்குக் கொடுக்கலாம், கடையில் கொடுத்துத் தீனியாக மாற்றிக்கொள்ளலாம். அல்சூர் ஏரியிலோ பக்கத்துக் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். பிளெக்கோவும் ஜிலேபியும் நம் நீர்நிலைகளில் செய்திருப்பது போதும். வீடு மாறுவதானால் பத்து நாள் முன்பே கடைக்காரருக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு ஒரு நாள் காலையில் மீனைக் கொண்டுபோங்கள். ஞாயிறு கூட்டத்தில் வாங்கவும் மாட்டார், நல்ல தொட்டியில் விடவும் மாட்டார். ஸ்பாஞ்சைக் காயவிடாமல் தொட்டித் தண்ணீரிலேயே கவரில் கட்டி எடுத்துப் போனால் புது வீட்டில் அந்த ஆறு வாரத்தைத் திரும்பக் காத்திருக்க வேண்டாம்.